கொடுத்த பிறகு

பேராசிரியை அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் புது டிரைவரைத் திட்டித் தீர்த்தாள். பல்கலைக்கழக ஊழியர் பேருந்தைப் பதினோரு வருடமாக ஓட்டிய பழைய டிரைவர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவனுக்கு பிரேக்கை எப்படி மிதிப்பது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளைக் குலுக்கி எடுத்தான். மடியில் வைத்திருந்த கேள்வித்தாள் கட்டு சரிந்து, பேருந்து முழுக்கக் குனிந்து குனிந்து பொறுக்கியதில் இடுப்பே விட்டுப்போயிற்று.

பழைய டிரைவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதாம், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸாம், இனி அவர் வண்டி ஓட்ட வருவது சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டு, முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் கத்தியைக் கீழே வைத்தார். "அவருக்கு என்ன ரத்த வகை?" என்று கேட்டார்.

கேள்வி அவள் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. தெரியாது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கணவர் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஆகட்டும் சார்'. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை அதுதான். பரீட்சைக் கண்காணிப்பை மாற்றிக்கொள்ள வரும் சக வாத்தியாருக்கு ஆகட்டும். வீடு மாற்றச் சாமான் தூக்க ஆள் தேடுபவருக்கு ஆகட்டும். மகள் வேலைக்காக வெளியூர் போன மறுமாதமே, தேர்வுக்குப் படிக்க இடமில்லாமல் தவித்த ஏதோ ஒரு தூரத்துச் சொந்தத்துக்கு அவளுடைய அறையைத் திறந்து விட்டுவிட்டார். மகள் விடுமுறைக்கு வந்து ஹால் சோபாவில் முடங்கிப் படுத்தாள். அவருக்கு அதில் துளி உறுத்தல் கிடையாது. தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிடுவார். அறுபத்தொரு வயதில் முகம் பளிச்சென்று இருக்கும்.

அந்தப் பளிச்சைத்தான் பேராசிரியை பத்தொன்பது வருடமாக அளந்துகொண்டிருந்தாள். பிறருக்குக் கொடுப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பாள். ஒரு பாதியினர் ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று முறை, யாருக்காவது எதையாவது செய்ய வேண்டும். மறு பாதியினர் அதே நேரத்தைத் தங்களுக்காகச் செலவிட வேண்டும். முன்னும் பின்னும் பத்துக் கேள்விகள், ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண். கொடுத்தவர்கள் கணக்கில் அரை மதிப்பெண்ணாவது கூடியிருக்கும். கேட்பவர்களுக்கு அரை என்பது அற்பமாகத் தெரியும். ஆனால் நல்ல தூக்கமும் குறைந்த தலைவலியும் அந்த அரைக்குள் அடங்கியிருந்தன. இதைப் பற்றி அவள் எழுதிய புத்தகம் நன்றாக ஓடியது. போகிற இடமெல்லாம் பேசக் கூப்பிட்டார்கள். நாற்பது மேடைகளில் ஒரே பேச்சைப் பேசி, சிரிக்க வேண்டிய இடத்தில் கேட்பவர்கள் சிரிப்பதற்காக நிறுத்தி நிறுத்தி, அவளுக்கே அலுத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்தால் யாராவது விருந்தாளி உட்கார்ந்திருப்பார். முகம் கழுவிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போவாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, அவள் பால்கனியில் துவைத்த போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். கணவர் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"டிரைவருக்கு என் கிட்னி பொருந்துதாம்" என்றார்.

"எந்த டிரைவருக்கு?"

"நீ சொன்னியே, அவருக்குத்தான்."

அவள் சொன்ன மறுநாளே அவர் டிரைவர் வீட்டைத் தேடிக்கொண்டு போயிருந்தார். சொந்தத்தில் யாருக்கும் பொருந்தவில்லை என்று டிரைவரின் மனைவி அழுதிருக்கிறாள். இவர் ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இதய மருத்துவர் என்று எல்லாவற்றையும் காலை நடைப்பயிற்சி என்ற பெயரில் முடித்திருந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பொருந்தலன்னா உனக்கு எதுக்கு வீண் கவலைன்னுதான்."

அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கையிலிருந்த ஈரப் போர்வையின் கனம்தான் தெரிந்தது. கொடியில் போட்டுவிடலாம், பிடியுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மகள் தொலைபேசியில் குதித்தாள். நீயாவது தடுக்கக் கூடாதாம்மா என்று கேட்டாள். எந்த முகத்தோடு தடுப்பது என்று பேராசிரியைக்கு விளங்கவில்லை. ஊரெல்லாம் போய்க் கொடுங்கள் கொடுங்கள் என்று சொன்ன வாய் இது. அது ஒருபுறம் இருக்க, டிரைவருக்கு நாற்பத்துநாலு வயதுதான், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வேறு. தடுத்துவிட்டு அவர் ஓட்டிய பேருந்தில் தினமும் எப்படிப் போவது?

சொந்தமில்லாத ஒருவர் உறுப்பு கொடுப்பதென்றால் ஒரு குழு அனுமதிக்க வேண்டும். மருத்துவமனையின் நான்காவது மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பணத்துக்காகவோ வற்புறுத்தலுக்காகவோ கொடுக்கவில்லை என்று கணவரிடம் உறுதி செய்துகொண்ட பிறகு மனைவியைக் கூப்பிட்டார்கள். குழுவிலிருந்த ஆலோசகப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பேராசிரியையைக் கண்டதும் எழுந்து நின்றேவிட்டாள். அவளுடைய பையிலிருந்து அந்தப் புத்தகம் வெளியே வந்தது. பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தாள்.

தானம் செய்ய வருபவர்களின் குடும்பத்தாருக்கு இதிலிருந்துதான் வாசித்துக் காட்டுவேன் என்று சொல்லி, ஒரு பத்தியை வாசிக்கவும் தொடங்கினாள். கொடுப்பவரின் மனநிறைவு பல மாதங்கள் வரை நீடிப்பதைப் பற்றிய பத்தி. பேராசிரியை மரியாதைக்காகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். தான் எழுதியதுதான், ஆனாலும் யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

தலைவர் வயதான மருத்துவர். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். உங்களுக்கு முழுச் சம்மதமா என்று கேட்டார்.

"முடிவு அவரோடது. எனக்கு பயமா இருக்கு, ரொம்பக் களைப்பாவும் இருக்கு. அதையும் எழுதிக்க முடியுமா?"

படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார் மருத்துவர். சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டே கட்டங்கள்தான். அவள் முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கணவர் கனம் தூக்கக் கூடாது. அவள் விடுப்புப் போட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். பார்க்க வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. பழைய மாணவர்கள், அக்கம்பக்கத்தார், முன்பின் தெரியாதவர்கள் என்று வந்து நின்று அவரைப் புகழ்ந்தார்கள். தேநீர் போட்டுப் போட்டு அவளுக்கு விரல் நுனி காய்த்துப்போயிற்று. நீங்கள் கொடுத்து வைத்தவர் என்று ஒரு மாமி அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே பேராசிரியை ஆமாம் என்றாள்.

கணவருடைய முகம் முன்பைவிடப் பிரகாசமாகிவிட்டது. தினமும் காலை ஏழு மணி ஆனதும் போனை எடுப்பார். டிரைவர் மறுமுனையில் வந்ததும், "நம்ம பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டுச் சிரிப்பார். பையன் என்றது கிட்னியை. தண்ணீர் குடித்தாரா, மாத்திரை போட்டாரா, யூரின் எவ்வளவு போனது என்று எல்லாம் விசாரிப்பார். வைத்துவிட்டு, பையன் ஜோராக இருக்கிறான் என்று அவளிடம் வந்து சொல்வார். முதல் மாதம் அவளும் சிரித்தாள்.

ஆறாவது மாதம் டிரைவர் வேலைக்குத் திரும்பினார் என்று கேள்விப்பட்டாள். ஆனால் அவளுடைய பேருந்தில் அதே குலுக்கல் ஆசாமிதான் இருந்தான். விசாரித்தால், பழைய டிரைவர் தானாகவே கேட்டு, தபாலும் சாமானும் ஏற்றும் வண்டிக்கு மாறிக்கொண்டாராம். ஒருநாள் நூலகத்தின் பின்பக்கம் அவரை நேருக்கு நேர் பார்த்தாள். அவர் பெட்டி ஒன்றைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மதியம் வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் போனாள். கழுவி விட்ட பேருந்துகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. டீசல் நெடி. டிரைவர் ஒரு பழைய பேருந்து இருக்கையைச் சுவரோரம் போட்டு அதில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்து, இருக்கையைத் துணியால் துடைத்துவிட்டார். அவள் அவரையும் உட்காரச் சொன்னாள்.

எங்களைக் கண்டு ஏன் ஒதுங்கிப் போகிறீர்கள் என்று சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவர் டப்பா மூடியைத் திருகித் திருகி மூடினார்.

"சொன்னா நன்றி கெட்டவன்னு நினைப்பீங்க மேடம்."

"நினைக்க மாட்டேன். சொல்லுங்க."

"தினம் காலைல ஏழு மணி ஆனா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. சார் போன் வரும். பையன் எப்படி இருக்கான்னு கேப்பார். லேசா சளி பிடிச்சாக்கூட பயந்துடறேன். உடம்பை நினைச்சு இல்ல, சார்கிட்ட சொல்லணுமேன்னு. அன்னிக்கு ரெண்டு உருளைக்கிழங்கு வறுவலை எடுத்து வாயில போட்டேன். என் சின்னவன் பார்த்துட்டு, அப்பா அது சாரோட கிட்னிப்பா, உப்பு ஆகாதுங்கறான். பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை குரலை உயர்த்த முடியல. அந்த சாருக்கு எவ்வளவு பெரிய மனசு, நீங்க இப்படிக் கத்தறீங்களேங்கறா." அவர் குரல் இறங்கியது. "என் உடம்புக்குள்ளயே நான் வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்கு மேடம். உயிரைக் கொடுத்தவரைப் பத்தி இப்படிப் பேசறோமேன்னு அதுக்கும் சேர்த்து ராத்திரி தூக்கம் வர்றதில்ல."

தொடக்க காலத்தில் அவள் செய்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. உதவி செய்தவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். உதவி பெற்றவர்களுக்கு ஒரு காபியைக் கொடுத்து வேறு கதவு வழியாக அனுப்பிவிட்டாள். அவர்களுக்கு என்ன, வாங்கிக்கொண்டவர்கள்தானே, நன்றாகத்தான் இருப்பார்கள் என்று யாருமே பேசிக்கொள்ளாமல் முடிவாகியிருந்தது. நான்காயிரத்துச் சொச்சம் கேள்வித்தாள்களில் ஒன்றுகூட வாங்கிய கையைப் பற்றியதல்ல.

சாருக்கு இது தெரிய வேண்டாம் என்று டிரைவர் கேட்டுக்கொண்டார். தெரிந்தே ஆக வேண்டும், நானே சொல்கிறேன் என்றாள்.

"அவர் மனசு நோகாம சொல்லுங்க மேடம்."

"அதுக்கு வழி இருக்கறதா எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

அன்று சாயங்காலம் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து, டிரைவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். வறுவல் விஷயத்துக்கு அவர் சிரிக்கப் பார்த்தார். வாடகை விஷயம் வந்ததும் கையிலிருந்த சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"அப்போ நான் கொடுத்தது தப்பா?" என்று கேட்டார்.

"கொடுத்தது தப்பில்ல. அந்த மனுஷன் உயிரோட வண்டி ஓட்டறார். ஆனா கொடுத்துட்டு நீங்க இன்னும் கையை எடுக்கல. கொடுத்தாச்சு, விட்டுடுங்க."

"அக்கறையாத்தானே கேட்டேன்."

"அக்கறைதான். அவருக்கு அது தினமும் பரீட்சையா இருக்கு."

அவர் சட்டையைக் கீழே வைத்தார். "நீயும் என்னைப் பத்தி இப்படித்தான் நினைக்கறியா?"

இல்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம்தான். அதற்கான தெம்பு அவளிடம் அன்று இல்லை. "முப்பத்திரண்டு வருஷமா நீங்க ஆகட்டும்னு சொன்னதுல பாதியைச் செஞ்சது நான்" என்றாள். பெண்ணின் அறையில் வந்து தங்கிய பையனுக்கு ஒன்றரை வருடம் சமைத்தது யார், காரை இரவல் கொடுத்த நாட்களில் மழையில் பேருந்துக்கு நின்றது யார் என்று அடுக்கிக்கொண்டே போனாள். குரலில் சூடு இல்லை. வகுப்பில் வருகைப் பதிவு வாசிப்பதைப் போல இருந்தது.

"நீ ஒரு தடவைகூடச் சொல்லலையே."

"நீங்க ஒரு தடவைகூடக் கேக்கல. சொல்லாதது என் தப்புதான். அதுக்கு மேல புத்தகம் வேற எழுதி வச்சேன்."

மறுநாள் ஏழு மணிக்கு அவர் போனைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும் தொடவில்லை. காலை வேளையில் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாதவர் போல, சுத்தமாக இருந்த அலமாரியையே மறுபடி துடைத்தார். யாரோ பக்கத்துத் தெருவிலிருந்து வந்து தம் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டபோது, வாய்வரைக்கும் வந்த 'ஆகட்டும்' என்பதை விழுங்கிக்கொண்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். முகத்தில் இருந்த பளிச்சு மங்கிவிட்டது. பேராசிரியைக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தான் சொன்னது உண்மைதான், ஆனாலும் நன்றாக இருந்த ஒரு மனிதரைப் பிடித்து இப்படி ஆக்கிவிட்டோமே என்று சில பகல்களில் தோன்றியது.

அலுவலகத்தில் அவள் உதவி பெற்றவர்களைப் பற்றிய புதிய ஆய்வுக்குத் திட்டம் எழுதினாள். இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று துறைத்தலைவர் கேட்டார். அவளுடைய பழைய முடிவுகளின் மேல் அவளே மண்ணைப் போடுவதாகப் பேச்சு அடிபட்டது. முப்பது பேருக்குக் கடிதம் போட்டதில் நான்கு பேர் பதில் எழுதினார்கள். அதில் மூன்று பேர், எங்களுக்கு உதவியவரைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யாரும் குறை கேட்டிருக்கவில்லை.

ஒன்பதாவது மாதம் டிரைவரைக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். கிருமித் தொற்று என்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள். அவள் வந்து சொன்னதும் கணவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு, "நான் போன் பண்ணலாமா?" என்று அவளிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியல. அவர் வீட்டுல கேக்கறேன்."

டிரைவரின் மனைவியிடம் பேசினாள். யாரும் வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம். மூன்று நாளாக அந்தப் பெண் வீட்டுக்கே போகவில்லை. தயங்கித் தயங்கி, மேடம் மட்டும் ஒரு மணி நேரம் வந்து பக்கத்தில் இருந்தால் போய்க் குளித்துவிட்டு வருவேன் என்றாள்.

பேராசிரியை மதியம் போய் உட்கார்ந்தாள். டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை கண் விழித்து அவளை அடையாளம் கண்டுகொண்டு, சார் வந்திருக்காரா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் நிம்மதியாக மூச்சு விட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் கட்டுரை திருத்தக் கொண்டுபோயிருந்தாள். ஒரு பக்கம்கூட ஓடவில்லை. நாற்காலியிலேயே அவளும் கண்ணயர்ந்துவிட்டாள். மனைவி வந்து எழுப்பினபோது வெட்கமாக இருந்தது.

வீட்டில் கணவர் வாசலிலேயே நின்றார். என்ன சொன்னார் என்று கேட்டார். தூங்கினார், நானும் தூங்கிவிட்டேன் என்றாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் போன் பண்ணவில்லை, போகவும் இல்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசல் வரை நடந்து திரும்பினார். அவள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

பதினோராம் நாள் டிரைவர் வீடு திரும்பினார். கிட்னிக்குச் சேதமில்லை. அவர் சாமான் வண்டியிலேயே நிலைத்துவிட்டார். பேராசிரியை குலுக்கல் பேருந்துக்குப் பழகிக்கொண்டாள், கேள்வித்தாள்களைப் பைக்குள் போட்டு ஜிப் போட்டுக்கொண்டாள்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்குப் போன கணவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். நனைந்த செருப்பைக் கழற்றிக்கொண்டே, மருந்துக்கடை வாசலில் டிரைவரைப் பார்த்தேன் என்றார்.

"பேசினீங்களா?"

"ம். ரோடு தோண்டிப் போட்டிருக்காங்களே, அதைப் பத்திப் பேசினோம். வண்டியைச் சுத்திக்கிட்டுப் போக வேண்டியிருக்குன்னார். மழை இன்னும் ரெண்டு நாள் இருக்கும்னார். பையனைப் பத்தி நானும் கேக்கல, அவரும் சொல்லல. போறப்ப அவரே, வரேன் சார்னு சிரிச்சார்."

"எப்படி இருந்தது உங்களுக்கு?"

பத்தொன்பது வருடமாக ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்ட கேள்விதான். அவர் நின்று யோசித்தார்.

"களைப்பா இருந்தது" என்றார்.

சோபா முழுக்கத் திருத்த வேண்டிய கட்டுரைகள் பரந்து கிடந்தன. அவள் ஒரு பக்கத்தை அள்ளித் தரையில் வைத்துவிட்டு, அவர் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.